கிளைடர் ரேஸில் நிமிடங்கள் எங்கே தொலைகின்றன?

இன்ஜின் உதவியில்லாமல் பறக்கும் கிளைடர் விமானங்களுக்கான போட்டியில், ரேசிங் டாஸ்க் என்ற பந்தயத்தின் விதி ரொம்பச் சின்னது. ஸ்டார்ட் கோட்டைத் தாண்டி, காலைக் கூட்டத்தில் கொடுத்த திருப்புமுனைகளை (தொட்டுத் திரும்ப வேண்டிய இடங்களை) அதே வரிசையில் தொட்டு, ஃபினிஷ் வளையத்துக்குள் வந்து சேர வேண்டும். குறைந்த நேரத்தில் முடித்தவருக்கு அன்றைய முதலிடம். ஏரியா டாஸ்க்கில் திருப்புமுனைகளுக்குப் பதில் பெரிய வட்டங்கள் இருக்கும். எவ்வளவு ஆழம் போவது என்பதை விமானியே முடிவுசெய்யலாம், குறைந்தபட்ச நேரம் மட்டும் விதிக்கப்பட்டிருக்கும். ரேசிங் டாஸ்க்கில் அந்தச் சலுகை இல்லை. இரண்டாவது திருப்புமுனைக்கு மேலே வானம் செத்துக் கிடந்தாலும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

புதிதாகப் போட்டிக்கு வருபவர்களில் பலர் நேராகப் பறக்கும்போதுதான் ரேஸ் நடக்கிறது என்று நினைக்கிறார்கள். மூக்கைத் தாழ்த்தி மணிக்கு 180 கி.மீ. பிடித்தால் காற்றின் இரைச்சலே வேகமாகப் போகும் உணர்வைத் தந்துவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. எடை கூட்ட இறக்கைகளில் தண்ணீர் ஏற்றிய, 15 மீட்டர் இறக்கை விரிவுள்ள ஸ்டாண்டர்டு கிளாஸ் என்ற போட்டிப் பிரிவின் கிளைடர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உத்தேசமாக 140 கி.மீ. வேகத்தில் அது விநாடிக்கு 1.1 மீட்டர் இறங்கும், 160-ல் 1.45, 180-ல் 2 மீட்டர். அன்றைய தெர்மல்கள் (வெயிலில் சூடேறி மேலெழும் காற்றுத் தூண்கள்) விநாடிக்கு 2 மீட்டர் ஏற்றம் தருகின்றன. இறங்கிய உயரத்தையெல்லாம் திரும்ப ஏறி ஈடுகட்டும் நேரத்தையும் சேர்த்தால், 140-ல் ஓட்டுபவரின் சராசரி 90.3 கி.மீ., 160-ல் 92.8, 180-ல் 90. ஓட்ட வேகத்தில், அதாவது தெர்மல்களுக்கு நடுவே நேராகப் பறக்கும் வேகத்தில், 20 கி.மீ. கூடவோ குறையவோ போனாலும் 300 கி.மீ. டாஸ்க்கில் 6 நிமிடம்தான் வித்தியாசம்.

இப்போது ஓட்ட வேகத்தை 160-லேயே வைத்துக்கொண்டு ஏற்றத்தை மட்டும் 2-லிருந்து 2.5 ஆக்கிப் பாருங்கள். சராசரி 101.3 ஆகிறது. 300 கி.மீ.க்கு 16 நிமிடம் மிச்சம். நல்ல தெர்மலைத் தேர்ந்தெடுப்பதும், அதில் சட்டென்று நடுவைப் பிடிப்பதும், சுமாரானதை மறுப்பதும்தான் ரேஸ். அறிவிப்புப் பலகைக்கு முன் நின்று ஓட்ட வேகத்தைப் பற்றி நடக்கும் விவாதங்களில் பாதி வீண் என்பது என் அபிப்பிராயம்.

ஓட்ட வேகக் கணக்கை விமானிகளிடையே பரவச் செய்தவர் அமெரிக்கரான பால் மெக்ரெடி. 1956-ல் பிரான்ஸின் சேன்-யானில் நடந்த உலகப் போட்டியில் வென்றவர் (மனித உழைப்பாலேயே பறந்த கோசமர் காண்டர் விமானத்தைப் பின்னாளில் உருவாக்கியவரும் இவர்தான்). அடுத்த தெர்மலில் எவ்வளவு ஏற்றம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை வேரியோவைச் (ஏறும், இறங்கும் வேகத்தைக் காட்டும் கருவி) சுற்றியிருக்கும் வளையத்தில் வைத்தால், எந்த வேகத்தில் ஓட்ட வேண்டும் என்று முள் காட்டும். இன்று அதே வேலையைக் கணினி செய்கிறது. அதில் வைக்கும் எண்ணில்தான் தவறு நடக்கிறது. வேரியோவின் முள் ஒரு நொடி தொட்ட உச்சத்தை வைக்கிறார்கள். வைக்க வேண்டியது, தெர்மலுக்குள் நுழைந்த கணம் முதல் விட்டுக் கிளம்பும் வரை கிடைத்த உண்மையான சராசரி. முள் 3.5 காட்டிய தெர்மலில் அந்தச் சராசரி 1.8 ஆக இருப்பது சர்வசாதாரணம்.

அந்த எண்ணுக்கு இன்னொரு பயனும் உண்டு. அதற்குக் குறைவான தெர்மலில் சுற்றக் கூடாது, சுற்றிக்கொண்டிருக்கும்போது ஏற்றம் அதற்குக் கீழே இறங்கினால் கிளம்பிவிட வேண்டும். மேகத்தின் அடியை நெருங்கும் கடைசி 150, 200 மீட்டரில் ஏற்றம் பெரும்பாலும் தளர்ந்துவிடும். அங்கே விநாடிக்கு 0.8 மீட்டருக்காகச் சுற்றிக்கொண்டிருப்பவர் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டு நிமிடங்களைக் கரைக்கிறார். தாழ்ந்துவிட்டால் மட்டும் எண்ணைக் குறைக்கலாம், குறைத்தே தீர வேண்டும். தரையிலிருந்து 500 மீட்டரில் நின்றுகொண்டு 1.2 வேண்டாம் என்று சொல்வது வீம்பு.

தெர்மலுக்குள் நடப்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். 45 டிகிரி சாய்வில் 100 கி.மீ. வேகத்தில் சுற்றினால் வட்டத்தின் ஆரம் 79 மீட்டர், ஒரு சுற்றுக்கு 18 விநாடி. இறக்கைகளில் தண்ணீர் நிறைந்து வேகம் 110 ஆனால் ஆரம் 95 மீட்டருக்கு வந்துவிடும். 30 டிகிரியில் சாவகாசமாகச் சுற்றுபவரின் வட்டம் இதைவிட மிகப் பெரிது, குறுகிய தெர்மலின் வலுவான நடுப்பகுதி அவருடைய வட்டத்துக்குள்ளே தொடப்படாமலே கிடக்கும். 800 மீட்டர் ஏற விநாடிக்கு 2 மீட்டர் வீதம் 400 விநாடி ஆகும். நடுவைப் பிடிப்பதற்கு முன் 90 விநாடியைத் தொலைத்தால் அந்தத் தெர்மலின் சராசரி 1.63-க்கு வந்துவிடுகிறது. நமது 300 கி.மீ. டாஸ்க்கில் ஏற வேண்டிய மொத்த உயரம் சுமார் 9,800 மீட்டர், அதாவது 800 மீட்டர் ஏற்றங்கள் பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் 90 விநாடி போனால் மொத்தம் 18 நிமிடம். 92.8 கி.மீ. சராசரி 85 ஆகிவிடுகிறது. தரைக்கு வந்த பிறகு அந்த விமானிக்குத் தான் எங்கேயும் பெரிய தப்பு செய்ததாகவே நினைவிருக்காது.

இந்த 8 கி.மீ. வித்தியாசத்துக்குப் புள்ளிப்பட்டியலில் என்ன விலை? ஒரு நாளுக்கு அதிகபட்சம் 1000 புள்ளிகள். அது முழுதாகக் கிடைக்க அன்றைய சிறந்த தூரம் குறைந்தது 250 கி.மீ.யும், முதலிடம் பெற்றவரின் நேரம் 3 மணிநேரமும் இருக்க வேண்டும் என்பது உலகப் போட்டி விதிகளில் நெடுங்காலமாக இருந்துவந்த கணக்கு. அந்த ஆயிரம் வேகப் புள்ளி, தூரப் புள்ளி என்று பிரியும். நன்றாக ஓட்டி முடித்தவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். எல்லோரும் முடித்தால் வேகத்துக்கு 667, தூரத்துக்கு 333. பாதிப் பேர் மட்டும் முடித்தால் அப்படியே தலைகீழ். வேகப் புள்ளி முதல்வரின் வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருந்தால் பூஜ்யம்.

எல்லோரும் டாஸ்க்கை முடித்த நாளில் முதல்வரைவிட 5 சதவீதம் மெதுவாக வந்தவருக்குக் கிட்டத்தட்ட 900 புள்ளி. 92.8-க்கு எதிராக 85-ல் வந்தவருக்கு 830. அதே நாளில் ஃபினிஷுக்கு 10 கி.மீ. முன்னால் வயலில் இறங்கியவருக்கு 322 மட்டும். ஒரே இறக்கத்தில் 678 புள்ளி போயிற்று. பாதிப் பேர் வயல்களில் இறங்கிய நாளில் அதே இடத்தில் இறங்கியவருக்கு 645 கிடைத்திருக்கும், 5 சதவீதம் மெதுவாக வந்தவருக்கு 950. ஆகவே வானிலை நன்றாக இருக்கும் நாளில் துணிச்சலுக்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம். கெட்ட நாளில் வேகத்துக்கு மதிப்புக் குறைவு. பத்து நிமிடம் தாமதமானாலும் முடித்துக்கொண்டு வந்துவிடுவது லாபம். பலர் இதை நேர்மாறாகச் செய்கிறார்கள். நல்ல நாளில் ரிஸ்க் எடுத்து வயலில் இறங்குகிறார்கள், கெட்ட நாளில் பொறுமை இழந்து இறங்குகிறார்கள்.

தரையிலேயே கெட்டுப்போகும் டாஸ்க்குகளும் உண்டு. டாஸ்க் ஏ, டாஸ்க் பி என்று இரண்டு தாள் வரும். புறப்படும் வரிசையில் நிற்கும்போது பி-க்கு மாற்றுவார்கள், கணினியில் ஏ இருக்கும். திருப்புமுனைக் கோப்பு பழைய பதிப்பாக இருக்கும், ஒரே பெயரில் இரண்டு இடங்கள் இருக்கும். இதற்கு ஒரே மருந்து, கணினி காட்டும் மொத்தத் தூரத்தைத் தாளில் இருக்கும் தூரத்தோடு தசமப் புள்ளி வரை ஒத்துப் பார்ப்பது. 312.4-க்கு 312.4 வரவில்லையென்றால் எங்கோ தப்பு. ஸ்டார்ட் கோட்டின் நீளம், ஃபினிஷ் வளையத்தின் ஆரம், ஸ்டார்ட் உயர வரம்பு மூன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும், நேற்றைய எண்கள் அப்படியே தங்கியிருக்கும்.

தண்ணீர் விஷயம். ஸ்டாண்டர்டு கிளாஸில் 10.5 சதுர மீட்டர் இறக்கையும் 525 கிலோ மொத்த எடையும் என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோ. தண்ணீர் இல்லாமல் அது 35 அளவில் இருக்கும். எடை கூடினால் அதே சறுக்கு விகிதம் (ஒரு மீட்டர் இறங்குவதற்குள் எத்தனை மீட்டர் முன்னே போகிறோம் என்பது) சுமார் 20 சதவீதம் கூடுதல் வேகத்தில் கிடைக்கும். விலை, ஏற்றம் குறைவதும் வட்டம் பெரிதாவதும். தெர்மல்களின் உண்மையான சராசரி விநாடிக்கு 1.5 மீட்டருக்குக் கீழே நிலையாகப் போனால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடலாம். ஒரு மோசமான தெர்மலைப் பார்த்துவிட்டு முழுவதையும் கொட்டினால், அரைமணி கழித்து விநாடிக்கு மூன்று மீட்டர் ஏற்றம் தரும் தெர்மல்களின் நடுவே காலி இறக்கைகளோடு தவிக்க வேண்டியதுதான். வால் தொட்டியை மறக்கக் கூடாது. இறக்கைத் தண்ணீர் வடிந்து வால் தண்ணீர் வடியாமல் நின்றால் ஈர்ப்பு மையம் பின்னால் போய்விடும், மெதுவான வேகத்தில் ஸ்பின்னுக்கு (கட்டுப்பாடிழந்து சுழன்றுகொண்டே விழுவதற்கு) அது நேர்வழி. தண்ணீர் உறையும் அளவு குளிரான உயரத்துக்கு மேலே பறக்கும் நாட்களில் முதலில் உறைவது வாலில் இருக்கும் சிறு அளவுதான்.

இழுவை விமானம் 600 மீட்டரில் விட்டுவிடும். வகுப்பின் கடைசிக் கிளைடர் கிளம்பி வழக்கமாக 20, 30 நிமிடத்தில் ஸ்டார்ட் கோடு திறந்துவிட்டதாக வானொலியில் அறிவிப்பார்கள். அதற்குப் பிறகு நடப்பது பொறுமைப் போட்டி. முதலில் கிளம்புபவர் தெர்மல்களைத் தானே தேட வேண்டும். பின்னால் வருபவருக்கு அவரே வழிகாட்டிப் பலகை. பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பி முன்னால் போன கூட்டத்தைப் பிடித்துவிட்டால், அவர்களோடு சேர்ந்து முடித்தாலும் பத்து நிமிட லாபம். எல்லோரும் இதையே நினைப்பதால் யாரும் கிளம்பாமல் கோட்டுக்குப் பின்னால் நாற்பது கிளைடர் சுற்றிக்கொண்டிருக்கும். இதை உடைக்கத்தான் நிகழ்வுப் பொத்தான் முறை வந்தது. பயணத்தைப் பதிவுசெய்யும் லாகர் கருவியில் பொத்தானை அழுத்தி, விதித்த நிமிடங்கள் காத்திருந்து, பிறகு திறக்கும் குறுகிய நேரத்துக்குள் கோட்டைத் தாண்டியாக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அழுத்தினாரா என்று வெளியே தெரியாது.

காத்திருப்பதற்கும் எல்லை உண்டு, அதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். தெர்மல்கள் 17:30-க்கு ஓயும் என்று வானிலைக் குறிப்பு சொன்னால் 17:00-க்குள் ஃபினிஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 கி.மீ.க்கு 93 கி.மீ. சராசரி என்றால் 3 மணி 14 நிமிடம். எனவே 13:45-தான் கடைசி. அதற்குப் பிறகும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது சூதாட்டம்.

கோட்டைத் தாண்டும் உயரமும் இடமும் இலவச நிமிடங்கள். வரம்புக்கு 100 மீட்டர் கீழே தாண்டினால் 50 விநாடி ஏற்றத்தை விட்டுக்கொடுத்ததாகக் கணக்கு. இடத்தைப் பற்றிய பயம் தேவையில்லாதது. கோடு 10 கி.மீ. நீளம் என்றால் அதன் ஓரத்தில், நடுவிலிருந்து 5 கி.மீ. தள்ளித் தாண்டினாலும் 60 கி.மீ. முதல் பாதையில் கூடுவது வெறும் 200 மீட்டர். அந்த ஓரத்திலிருந்து மேகங்கள் வரிசை கட்டி நின்றால் அங்கேதான் போக வேண்டும்.

பாதையில் விலகலின் விலையும் இதே மாதிரிதான், முதலில் அற்பம், பிறகு கொடூரம். 10 டிகிரி விலகினால் 1.5 சதவீதம் தூரம் கூடும். 20 டிகிரிக்கு 6.4. 30 டிகிரிக்கு 15.5. ஆகவே நல்ல மேகத்துக்காக 10, 15 டிகிரி விலகத் தயங்கவே கூடாது, 30 டிகிரி விலக மூன்று தடவை யோசிக்க வேண்டும். அதுவும் திருப்புமுனை இன்னும் தொலைவில் இருக்கும்போது விலகுவது மலிவு. கடைசி 10 கி.மீ.யில் பக்கவாட்டில் ஓடுவது முழு விலை. விநாடிக்கு 2 மீட்டர் ஏற்றமும் 160 வேகமும் என்ற சுத்தமான கணக்கில் பறக்கும் நேரத்தில் 42 சதவீதம் சுற்றுவதிலேயே போகிறது. மேக வரிசைகளுக்கு அடியில் ஏறும் காற்றில் மெதுவாகவும் இறங்கும் காற்றில் வேகமாகவும் நேராகவே ஓட்டுபவர் இதை 30-க்குக் கீழே கொண்டுவந்துவிடுவார். சராசரி 93-ஐத் தாண்டி 110 போவது இப்படித்தான்.

திருப்புமுனை 500 மீட்டர் ஆரமுள்ள வட்டம். முன்பெல்லாம் கேமராவில் படமெடுத்து நிரூபித்த காலம் இருந்தது, இப்போது லாகரின் ஜிபிஎஸ் பதிவு போதும். மையம் வரை போவதற்குப் பரிசு கிடையாது, ஓரத்தைத் தொட்டுத் திரும்பினால் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய அரை நிமிடம் மிச்சம். ஆனால் 20 மீட்டர் உள்ளே தொட்டுவிட்டதாக நம்பித் திரும்புவது முட்டாள்தனம், கணினி உறுதிசெய்யும் வரை இருங்கள்.

காற்று இருக்கும் நாளில் திருப்புமுனைக்கு முன்னால் ஏறுவதா பின்னால் ஏறுவதா என்பது பெரிய விஷயம். மணிக்கு 20 கி.மீ. காற்றில் 400 விநாடி சுற்றினால் 2.2 கி.மீ. தள்ளிப்போவோம். எதிர்க்காற்றில் போய்ச் சேரும் முனையென்றால் பாதுகாப்பு அனுமதிக்கும் அளவுக்குத் தாழ்வாகத் தொட்டுவிட்டு, திரும்பிய பிறகு ஏற வேண்டும். அப்போது காற்று நம்மை அடுத்த பாதையில் தள்ளும். முன்னாலேயே ஏறினால் வந்த வழியே பின்னுக்குத் தள்ளும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 4.4 கி.மீ. பின்காற்றில் போகும் முனைக்கு இது நேர்மாறு, உயரமாகத் தொட வேண்டும்.

கூட்டத்தில் சுற்றும்போது முதலில் வந்தவர் எந்தத் திசையோ அதே திசை, வெளியிலிருந்துதான் சேர வேண்டும், அடுத்தவருக்குத் தெரியாத இடத்தில் நிற்கக் கூடாது. ஃபிளார்ம் என்ற மோதல் எச்சரிக்கை கருவி உதவும், ஆனால் இருபது கிளைடர் ஒரே தெர்மலில் இருக்கும்போது அது ஓயாமல் கத்தும். அப்போது கண்தான் கருவி.

கடைசி இறக்கத்துக்கு, அதாவது மேற்கொண்டு ஏறாமல் ஃபினிஷ் வரை சறுக்கி வரும் பகுதிக்கு வருவோம். 30 கி.மீ. தொலைவு, 150 கி.மீ. ஓட்ட வேகம், சறுக்கு விகிதம் 33 என்றால் காற்றில்லாதபோது 910 மீட்டர் வேண்டும். 20 கி.மீ. எதிர்க்காற்றில் 1,050. இதன் மேல் ஃபினிஷ் வளையத்துக்கு விதித்த குறைந்தபட்ச உயரம், அதற்கும் மேல் சொந்தப் பாதுகாப்புக்கு 150 மீட்டர். தேவைக்கு மேல் 200 மீட்டர் ஏறிக்கொண்டால் 100 விநாடி. அதில் ஒரு பகுதியைக் கடைசியில் வேகமாக ஓட்டித் திரும்பப் பெறலாம், முழுவதும் வராது. இறக்கையின் முன்விளிம்பில் பூச்சிகள் ஒட்டியிருந்தாலோ மழை நனைத்தாலோ 33 என்ற எண் பொய்யாகிவிடும். மழைக்குள் கடைசி இறக்கத்தைத் தொடங்குபவர் கணினி சொல்வதை நம்பவே கூடாது. ஒவ்வொரு 5 கி.மீ.க்கும் கையிலிருக்கும் உயர மிச்சத்தைப் பாருங்கள். 150, 140, 145 என்று ஆடினால் சரி. 150, 110, 60 என்று இறங்கினால், இறங்கும் காற்றின் கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறீர்கள், பக்கவாட்டில் நகர வேண்டும். மிச்சம் கரைந்துபோனால் வயலைத் தேர்ந்தெடுப்பது தரையிலிருந்து 300 மீட்டரிலேயே முடிந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே ஃபினிஷ் வளையத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர் மின்கம்பியைப் பார்க்க மாட்டார்.

இரவில் லாகர் கோப்பைத் திறந்து முதல்வருடைய கோப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பாதையைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதைவிடப் பயனுள்ளது, இரண்டு சுற்று போட்டுவிட்டுக் கைவிட்ட இடங்களை எண்ணுவது. ஒவ்வொன்றும் 36 முதல் 40 விநாடி, உயரமும் கூடியிருக்காது. பத்து இருந்தால் 6 நிமிடத்துக்கு மேல். முதல்வருடைய கோப்பில் இவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும். முதல் அரைச் சுற்றுக்குள் வேரியோ நாம் வைத்த எண்ணைத் தொடவில்லையென்றால் அவர் இறக்கையை நேராக்கிக்கொண்டு போய்விடுகிறார்.